‘சூ’ என்றால் குந்து

எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் நாய்க்குப் பஞ்சமே கிடையாது. படகடியில் ஒன்று, வாசலுக்கு ஒன்று என்று படுத்துக் கிடக்கும். ஆனால் ஊர்க் கூட்டம் போட்டுப் பெயர் சொல்லி விசாரிக்கப்பட்ட நாய் ஒன்றே ஒன்றுதான். அது என் எதிர்வீட்டு வினிதாவின் நாய். பெயர் மேஸ்திரி.

வினிதாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாயிலிருந்து ஆரம்பித்தால் அது குறுக்கே ஓடிப் பேச்சைக் கலைத்துவிடும். அதன் குணம் அப்படி.

அவளைக் காசிமேட்டில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டியவன் வேறொருத்தியை வீட்டுக்கே கூட்டிவந்து, இவளைப் பெட்டியோடு வாசலில் நிறுத்தினான். அப்படித் திரும்பி வந்தவளிடம் ஊர் என்னவெல்லாம் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாம் கேட்டது. அவள் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. அவள் அம்மா இறந்த பிறகு அந்த மீன் கூடையைத் தூக்கவும் வரவில்லை. பழைய சைக்கிள் ஒன்றைப் பிடித்து, பின்னால் டீ கேனைக் கட்டிக்கொண்டு, துறைமுகத்துக்குள் போக மணிக்கணக்காக ரோட்டில் வரிசை கட்டி நிற்கிற கண்டெய்னர் லாரிகளுக்கு டீ ஊற்றப் போய்விட்டாள். அந்த டிரைவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வராது.

“அதான் ஆயா சௌகரியம்” என்பாள் என்னிடம். “டீ கேப்பாங்க, குடிப்பாங்க, போய்கினே இருப்பாங்க. உன் புருசன் இன்னா ஆனான்னு ஒருத்தனும் கேக்கமாட்டான்.”

அந்த லாரி வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டு இருந்தது. அதற்கு வாட்ச்மேன் ரஷீது, ஆம்பூர்க்காரர். மேஸ்திரி அவர் வளர்த்த நாய். செம்மண் நிறம், குச்சிக் கால், ஒரு காது நிற்கும், ஒரு காது மடியும். யார் உள்ளே வந்தாலும் வந்தவருக்கு முன்னால் நடந்து ஒவ்வொரு பெட்டியையும் மோந்து பார்த்துவிட்டு வருமாம். அதனால் அந்தப் பெயர். யார்டை மூடியதும் ரஷீது ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். நாய் பூட்டிய கேட்டுக்கு முன்னால் படுத்துக்கொண்டது. வினிதா போகிற வழியில் ஒரு பன்னைப் போட்டுவிட்டுப் போவாள். ஒரு மழை நாளில் அது அவள் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடி வந்து, அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்து, பெட்டியிலிருந்து அடுப்படி வரைக்கும் மோந்து பார்த்துவிட்டுப் படுத்தது. மேஸ்திரி வீட்டைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டார் என்று அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது வெகு காலத்துக்குப் பிறகு.

அதற்கப்புறம்தான் பேஜாரு ஆரம்பித்தது.

அந்த நாய் ஓரிடத்தில் நிற்காது. செருப்பைத் தின்றது, பாயைக் கிழித்தது. குக்கர் விசில் அடித்தால் வட்டமாகச் சுற்றி, உடம்பெல்லாம் நடுங்கி, வினிதாவின் முகத்தைப் பார்த்துக் குரைத்துவிட்டுக் கண்ட திசையில் பாயும். அவளோடு ரோட்டுக்குப் போனால் லாரிக்கு லாரி இதே கூத்து. கயிற்றில் கட்டினால் கடித்துவிட்டது. சங்கிலியில் கட்டினால் பகலெல்லாம் ஊளை. எங்கள் கருவாட்டுக் களமோ அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மணலில் வலையை விரித்து நெத்தலியைக் காயவைத்துவிட்டு, குச்சியோடு காக்காய் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நாங்கள் வாயைத் திறந்தால் போதும், இது எங்கிருந்தோ வந்து வலைக்கு நடுவில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடும்.

ஊர்த் தலைவர் மனோகரன் ஒரு வழி சொன்னார். “நாலு போடு போடுமே. ஒயுங்கா கீதும்.”

வினிதா டீ கேனைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “என்னியும் ஒருத்தன் போட்டுப் பாத்தான் தலைவரே. நான் ஒயுங்காவா ஆயிட்டேன்?”

மனோகரன் பிறகு அந்த வழியைச் சொல்லவில்லை.

வெயில் நன்றாகக் காய்ந்த ஒரு நாள், காக்காய்க் கூட்டம் கன்னியம்மாவின் வலையில் இறங்கியது. கன்னியம்மா என்னோடு களத்தில் கருவாடு போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு மோசமில்லை. எழுந்து குச்சியை ஓங்கி, “சூ, சூ, கஸ்மாலம்” என்று கத்தினாள். மேஸ்திரி அம்பு மாதிரி வந்தது. காக்காய் பறந்துவிட்டது. நாய் அவள் காலுக்கு நடுவில் புகுந்து மறுபக்கம் போனது. அவள் நெத்தலிமேலேயே விழுந்தாள். கை பிசகி, புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே வலை பின்னுகிற கொட்டகையில் கூட்டம்.

“ஆடி மாசம் கூழு ஊத்தறதுக்குள்ள ஒரு முடிவு கட்டு” என்றார் மனோகரன். “தலையில பானையோட பொம்பளைங்க வருவாங்க. அன்னிக்கு ஒரு பானை கவுந்தாலும் ஊரு அம்மனுக்குப் பதில் சொல்லணும். அதுக்குள்ள அடங்கலேன்னா பாலத்துக்கு அந்தாண்ட, வள்ளூர் பக்கம் கொண்டுபோய் உட்டுடுவோம்.”

“தொரத்தறதுன்னா இன்னான்னு எனக்குத் தெரியும்” என்றாள் வினிதா. “அதுக்கு ஒரு தபா ஆச்சி. ரெண்டாந்தபா ஆவாது. அப்டி ஆச்சின்னா பொட்டிய எடுத்துகினு நானும் அது கூடப் போயிடுவேன்.”

“போயேன். யாரு உன்ன புட்ச்சி வெச்சிகினு கீறாங்க?” என்றாள் கன்னியம்மா, கட்டுப் போட்ட கையை நீட்டி.

வினிதா எழுந்து போய்விட்டாள். அவள் சொன்னால் செய்வாள் என்று எனக்குத் தெரியும். பெட்டி கட்டிலுக்கு அடியிலேயேதான் இருந்தது. வந்த நாளிலிருந்து அதை அவள் மேலே எடுத்து வைக்கவே இல்லை.

எனக்கு நாய் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. ஆனால் நடுங்குகிற ஜீவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? இந்தக் குப்பத்துப் பிள்ளைகளில் பாதிக்குப் பயந்த கோளாறுக்கு வேப்பிலை போட்டவள் நான். மறுநாள் ஒரு கொத்து வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாக அவள் வீட்டுக்குப் போனேன்.

“நாய்க்கு எல்லாமா ஆயா வேப்பில போடுவாங்க?”

“பயம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நீ புட்ச்சிக்க.”

நாயும் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தது. தலையிலிருந்து வால் வரைக்கும் தடவிவிட்டேன். கடைசியில் முகத்தில் ஊதவேண்டும், அதுதான் முறை. ‘ச்சூ’ என்று ஊதினேன். மடிந்த காதும் நின்றது. மறுபடி ஊதினேன். இடதும் வலதும் பார்த்தது. மூன்றாவது ஊதலுக்கு என் தோளைத் தாண்டிக் குதித்து வெளியே ஓடி, கன்னியம்மா வீட்டுக் கோழிகளையெல்லாம் கூரையில் ஏற்றிவிட்டுக் கோயில் பக்கம் போனது.

வினிதா நாயைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள்.

“ஆயா, இன்னொரு தபா ஊது.”

“நாயே இல்ல, யாருக்கு ஊதறது?”

“சொம்மா ஊது.”

ஊதினேன். தெருக்கோடியிலிருந்து அது திரும்பி ஓடி வந்தது. அவள் முகத்தைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, கதவுக்குப் பின்னால் தேடியது, கட்டிலுக்கு அடியில் தேடியது, நடுங்கிக்கொண்டே குரைத்தது. மறுநாள் அவள் அதை லாரி வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். லாரிக்காரன் பிரேக்கைப் போட்டுக் காற்றை விடுகிறபோது ஒரு சத்தம் வருமே, ‘ச்சூஉ’ என்று. அந்தச் சத்தத்துக்கும் அது அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தது. அங்கேயே நின்று ரஷீதுக்குப் போன் போட்டாள்.

“பாய், மேஸ்திரிக்கு நீங்க இன்னா கத்துக்குடுத்தீங்க?”

“பெருசா ஒண்ணும் இல்லக்கா. ‘சூ’ன்னா ஓடிப்போய் ஆளப் புடிக்கணும். அது ஒண்ணுதான். கெட்டிக்காரன்க்கா அவன். சொன்னா, புடிக்காம வரமாட்டான்.”

டீ கூட விற்காமல் வினிதா என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அது லூசு இல்ல ஆயா. பயந்துகினும் இல்ல. அது வேல செஞ்சிகினு கீது. காக்காய்க்கு நீங்க சொல்றது சூ. லாரி நின்னா சூ. குக்கரு சூ. நீ ஊதினா சூ. காலைலேர்ந்து இந்த எண்ணூரே அத்தப் பாத்து, ‘புடி, புடி’ன்னு சொல்லிகினு கீது. யாரப் புடிக்கணும்னு ஒருத்தரும் காட்டல. மெர்சலாவாம இன்னா பண்ணும்?”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அதே ஒரு சொல்தான். நாய்க்குச் சொன்னால் ‘பிடி’, காக்காய்க்குச் சொன்னால் ‘போ’. பிறந்ததிலிருந்து இரண்டுக்கும் அதையே சொல்லிவந்த எங்களுக்கு அது தோன்றவே இல்லை. என் வேப்பிலையால்தான் தோன்றியது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

களத்துப் பெண்களிடம் வினிதா கேட்டுப் பார்த்தாள். காக்காய்க்கு வேறு ஏதாவது சொல்லுங்கள் என்றாள்.

“இன்னா சொல்லணும்? காக்கா சார், அப்பால போங்கன்னு இங்கிலீசுல சொல்லட்டா?” என்றாள் கன்னியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஒரு நாள் ‘ஹோய்’ என்று சொல்லிப் பார்த்தேன். காக்காய் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வாய்க்கு ‘சூ’தான் வரும். அதை மாற்ற முடியாது என்று வினிதாவிடமே சொல்லிவிட்டேன்.

“சரி ஆயா. உங்க வாய மாத்த வோணாம். அது காத மாத்திக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் ஊசி போட அழைத்துப் போனபோது வழி கேட்டிருக்கிறாள். அந்த அம்மா பொறுமையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறது. “சத்தத்த நிறுத்த நம்மால முடியாதும்மா. அந்தச் சத்தத்துக்கு வேற அர்த்தம் குடுங்க. தூரத்துலேர்ந்து ஆரம்பிங்க. நடுங்கினா கிட்ட கூட்டிட்டுப் போகாதீங்க. முக்கியமா, அதோட ஓட்டத்தத் தீத்து விடுங்க. ஓடப் பொறந்த நாய் அது.”

அன்றிலிருந்து விடியும்போது வினிதா முகத்துவார மணலில் ஓடினாள். நைட்டிமேல் துண்டைக் கட்டிக்கொண்டு, நாய் முன்னால், இவள் பின்னால். வலை இழுக்கிற ஆட்கள் நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். “இன்னாமே, மெடலு வாங்கப் போறியா?” என்று கத்துவார்கள். அவள் திரும்பமாட்டாள். ஓடி முடித்து வந்தால் மேஸ்திரி நாக்கைத் தொங்கப்போட்டு நிழலில் விழும். செருப்பைத் தொடவே தொடாது. பாதிக் கோளாறு அதிலேயே தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு மத்தி மீன். உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளெடுத்து, ஒரு சின்னப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வாள். முதலில் லாரிச் சத்தம் லேசாகக் கேட்கிற தூரத்தில் நின்றாள். சத்தம் வந்ததும் “குந்து” என்பாள். உட்கார்ந்தால் ஒரு துண்டு மீன். ஒரு வாரம் அங்கேயே நின்றாள். அப்புறம் நாலு எட்டுக் கிட்டே. நாய் நடுங்கினால் மறுபடி பின்னால். டீ ஆறுகிறது என்று டிரைவர்கள் திட்டினார்கள். ராயபுரத்து ஆண்ட்ரூ என்று ஒரு டிரைவர் மட்டும் இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டான். கேட்டுவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

“அக்கா, எத்தினி சூ வோணும் சொல்லு. டாங்கில காத்து புல்லா கீது.”

அப்புறம் அந்த வரிசையே அவளுக்குப் பள்ளிக்கூடமாகிவிட்டது. பீகார்க்காரன், ஆந்திராக்காரன் எல்லோரும் ஜன்னலில் தலையை நீட்டி, காற்றை விட்டு, “குந்து, குந்து” என்பார்கள். எங்கள் குப்பத்துத் தமிழில் அவர்கள் கற்றுக்கொண்ட முதல் சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

லாரிக்கு உட்கார்ந்த நாய் களத்துக்கும் உட்காரும் என்று நினைத்து அதைக் கொண்டுவந்தாள். அவசரப்பட்டுவிட்டாள். அன்று நாலு பக்கம் நாலு பேர் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தோம். முதல் ‘சூ’வுக்கு உட்கார்ந்தது. இரண்டாவதுக்கு எழுந்து சுற்றிப் பார்த்தது. மூன்றாவதுக்குக் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு காரப்பொடி மீன் காய்கிற வலைக்குள் பாய்ந்துவிட்டது.

“தோ, மேஸ்திரி வேலைய ஆரம்பிச்சிட்டாரு” என்றாள் கன்னியம்மா.

வினிதா கயிற்றைப் பிடித்து நாயை வெளியே இழுத்துவந்தாள். மணலில் விழுந்த காரப்பொடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கழுவி, மறுபடி பரப்பிக் கொடுத்தாள். அப்புறம் படகு மறைவில் போய் உட்கார்ந்தாள். நான் டீ எடுத்துக்கொண்டு போனேன். டீ விற்கிறவளுக்கே டீ. நாய் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

“ஆடி வந்துடுச்சி ஆயா” என்றாள். “நாலு பேரு நாலு பக்கம் சொன்னா எனக்கே எங்க போறதுன்னு தெரியல. அது எப்டிக் கண்டுபுடிக்கும்?”

“நீ எங்க போன? யாரு சொன்னாலும் காதுல வாங்காம உன் சைக்கிளாண்டதான போன?”

இதை ஏதோ வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். ஆனால் அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து பாடத்தை மாற்றினாள். யார் சொன்னாலும், எந்தப் பக்கம் சொன்னாலும், ‘சூ’ என்றால் வினிதாவிடம் வந்து குந்து. அவ்வளவுதான். ஆளைத் தேட வேண்டாம். தேடவேண்டிய ஆள் ஒரே ஆள்தான், அவள் எப்போதும் இங்கேயே இருக்கிறாள். களத்துக்கு வெளியே கோயில் மதிலடியில் நின்று தினமும் எங்கள் கத்தலுக்கு அதைப் பழக்கினாள். நாங்களும் கத்திக்கொண்டேதான் இருந்தோம், காக்காய் குறையவில்லையே.

கூழ் ஊற்றுகிற நாள் வந்தது. கழிமுகத்திலிருந்து கோயில் வரைக்கும் மஞ்சள் புடவையில் பெண்கள் தலையில் பானையோடு வரிசையாக வந்தார்கள். முன்னால் பம்பை, உடுக்கை. கை சரியாகிவிட்ட கன்னியம்மா முன்னால், அவளுக்கு அடுத்து வினிதா. இவளுக்கும் அந்த வருஷம்தான் பானை தூக்க வேண்டும் என்று ஆசை வந்தது. அம்மன் பானையைத் தூக்குகிறவள் இடுப்பில் மீனைச் செருகமுடியுமா? பை வீட்டில் இருந்தது. நாயையும் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தாள்.

கோயில் வாசலில் கருவாட்டுக் குழம்பு அண்டாக்கள் இறக்கி வைத்திருந்தோம். வாசனைக்குக் காக்காய் வந்தது. ஒன்று, பத்து, அப்புறம் ஊர்க் காக்காய் மொத்தமும். அண்டாவுக்குக் காவலாக நின்ற நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையை வீசிக் கத்தினோம். “சூ, சூ, சூ.”

கத்திய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

சாத்திய கதவு அதற்கு ஒரு கதவா? தெருக்கோடியில் செம்மண் நிறத்தில் ஒன்று தெரிந்தது. காது இரண்டும் பின்னால் படிந்திருக்க, நேராக வரிசையைப் பார்த்து வந்தது. பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். மனோகரன் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே வந்தார். அது அவர் கைக்குக் கீழே புகுந்து வந்தது. கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டு, “அம்மா தாயே” என்று பானையை இறுக்கிப் பிடித்தாள். நாய் அவள் புடவை முந்தானைகூட அசையாமல் அவளைச் சுற்றி வந்து, வினிதாவின் காலடியில் பொத்தென்று குந்தியது. குந்தி, அவள் முகத்தைப் பார்த்தது. நடுக்கம் இல்லை. ஒரு காது நின்றது, ஒரு காது மடிந்தது.

வினிதாவால் குனிய முடியாது. இரண்டு கையும் பானையில். மீன் இல்லை. கழுத்தை அசைக்காமல், கண்ணை மட்டும் கீழே இறக்கி, “வந்தியா மேஸ்திரி” என்றாள். அப்புறம் ஒரு எட்டு வைத்தாள். நாயும் எழுந்து ஒரு எட்டு வைத்தது. பம்பை மறுபடி ஆரம்பித்தது. கோயில் வரைக்கும் அது அவள் காலோடு கால் ஒட்டி நடந்தது. ஒரு பானையும் சொட்டவில்லை.

பானையை இறக்கியதும் அவள் செய்த முதல் காரியம், அம்மனுக்குப் படைத்து முடியும்வரை காத்திருந்து, உள்ளங்கையில் கூழை ஊற்றி நாய்க்கு நீட்டியதுதான். அது கையை நக்கித் துடைத்தது. மனோகரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னாத்த சொல்றது” என்றார். “இன்னிக்கு ஊர்வலத்துல ஒயுங்கா வந்தது இது ஒண்ணுதான். வள்ளூருக்கு யாரயாவது அனுப்பணும்னா பம்பக்காரன அனுப்பலாம், பாதில நிறுத்திட்டான்.”

கன்னியம்மாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. கூழ்ச் சொம்போடு தள்ளி நின்றுகொண்டு, காக்காயே இல்லாத இடத்தில், வேண்டுமென்றே நாயைப் பார்த்து மெதுவாக “சூ” என்றாள். மேஸ்திரி வினிதாவைப் பார்த்தது. வினிதா ‘அவளிடம் போ’ என்பதுபோலக் கன்னியம்மா பக்கம் தலையை ஆட்டினாள். நாய் போய்க் கன்னியம்மாவின் காலடியில் குந்தியது.

“இன்னாடி இது, என்னாண்ட வந்து குந்திகினு கீது?”

“கூப்ட்டீங்க இல்ல? எதுனா குடுங்க.”

அவள் சொம்பையே சாய்த்துவிட்டாள்.

அதிலிருந்து, வினிதா மறுபடி பழக்கியதில், களத்தில் அதன் வேலை மாறிவிட்டது. யார் ‘சூ’ என்றாலும் மேஸ்திரி வலைக்கும் வலைக்கும் நடுவில் விட்டிருக்கிற தடத்தில் நடந்து வந்து, சொன்னவள் பக்கத்தில் குந்திக்கொள்ளும். அது குந்திய இடத்தில் காக்காய் இறங்குவதில்லை. எங்கள் நெத்தலிக்கு இப்போது அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசு ஒன்றுதான் எதிரி. வினிதா காலையில் லாரி வரிசைக்குப் போய்விட்டு வருகிறவரைக்கும் நாய் எங்களிடம். டீ கேனை இறக்கியதும் அவளும் களத்தில் வந்து உட்காருகிறாள். கன்னியம்மா பேசுகிறாள், இவள் பதில் சொல்கிறாள், இருவரும் சண்டை போடுகிறார்கள். பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து பரண்மேல் ஏறிவிட்டது. அதில் குளிர்காலத்துக் கம்பளி இருக்கிறது, நானே பார்த்தேன்.

எனக்கு நாய் பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா, அதில் மாற்றமில்லை. காக்காய் இல்லாத நேரத்திலும் நான் ‘சூ’ சொல்கிறேன் என்று கன்னியம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளுக்குக் கண் சரியில்லை. என் வலைக்குமேல் எப்போதும் ஒரு காக்காய் இருக்கிறது.